தொழுவத்திலிருந்து குளிர்கிடங்குக்கு: ஒங்கோல் காளையின் மரபுவழியும் சிங்கப்பூரும்



ஆண்டுதோறும் தை பிறக்கும் வேளையில் லிட்டில் இந்தியாவுக்கு மாடுகள் சில விருந்தினராய் வருகின்றன. கேம்பல் லேன் பகுதியில் கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் இடையே அவை நிற்க, தமிழ்ப் பிள்ளைகளும் பிற இனத்துப் பிள்ளைகளும் வரிசையில் நின்று அவற்றைத் தொட்டுப் பார்க்கின்றனர். பலருக்கு அதுவே மாட்டை நேரில் காணும் முதல் வாய்ப்பு. அந்தக் காட்சியைக் கண்டு மகிழும் நாம் ஒன்றை எண்ணுவதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அதே மண்ணில் மாடு விருந்தாளியாக இருக்கவில்லை; மாடே அங்கு ஊராக இருந்தது. மனிதர்தாம் மாட்டைச் சுற்றிக் குடியேறினர்.

அந்த மாட்டூர் எவ்வாறு உருவாயிற்று, அங்குக் கையும் கண்ணும் அறிந்திருந்த அறிவு பின்னர் எவ்வாறு மரபியல் என்னும் அறிவியலாயிற்று, அவ்விரண்டும் இன்று ஜூரோங்கின் குளிர்கிடங்குகளில் எவ்வாறு சந்திக்கின்றன என்பதே இவ்வுரையின் பொருள். இறைச்சி உண்பது தகுமா தகாதா என்னும் வழக்கை நான் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. மாட்டைத் தெய்வமாய்ப் போற்றிய குடும்பங்களும் மாட்டிறைச்சி வாணிகத்தால் வாழ்ந்த குடும்பங்களும் ஒரே தெருவில் வாழ்ந்த சமூகம் நம்முடையது. அதன் வரலாற்றைச் சொல்வதென்றால் இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1. எருமைத் தொழுவம் என்னும் ஊர்

கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்த் தொடருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். அவ்விடத்தில் எழுந்த மகப்பேற்று மருத்துவமனை அப்பெயரையே ஏற்றது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. ஓர் ஆண்டில் ஒரே மருத்துவமனையில் நிகழ்ந்த மிகுதியான பிறப்புகள் என அது உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. நம்முள் பலர், நம் பெற்றோர் பலர், எருமைத் தொழுவத்தில் பிறந்தவர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் இன்றும் அருகருகே கிடக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரு முறையும் மலாயில் ஒரு முறையுமாக எருமையின் பெயரை இரு தெருக்களுக்குச் சூட்டிய பகுதி வேறெங்கும் இருக்குமா என்பது ஐயமே.

அவ்விடம் மாட்டுக்கு ஏற்றதாய் அமைந்ததற்குக் காரணம் நிலத்தின் இயல்பு. ரோச்சோர் ஆற்றின் கிளைகள் அருகே ஓடின. தாழ்ந்த சதுப்பு நிலத்தில் புல் செழித்தது. எருமை புரளச் சேறு இருந்தது. நகரத்துக்கு அண்மையிலும் இருந்தது, நாற்றம் வெள்ளையர் குடியிருப்புகளை எட்டாத தொலைவிலும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மாட்டு வாணிகம் அங்கு வேரூன்றியது. கல்கத்தாவில் பிறந்த யூத வணிகர் ஐசக் ரஃபேல் பெலிலியோஸ் அவ்வாணிகத்தில் முதன்மை பெற்றார். பெலிலியோஸ் சாலை அவர் பெயரால் வழங்குகிறது. அவரிடம் வேலை செய்தோருள் இந்தியர் பலர். சற்றே வடக்கிலுள்ள டெஸ்கர் சாலை, இறைச்சி வணிகத்தால் செல்வம் ஈட்டிய ஆந்த்ரே பிலிப் டெஸ்கரை நினைவூட்டுகிறது.

தமிழருள் இத்துறையில் பெயர் பெற்றவர் காரைக்காலிலிருந்து வந்த மூனா காதர் சுல்தான். மாட்டு வாணிகத்தின் அரசர் என்று அவரை அக்காலத்தவர் அழைத்தனர். காத்தோங் கடற்கரையில் 1917ஆம் ஆண்டில் அவர் எழுப்பத் தொடங்கிய மாளிகைக்குத் தம் பிறந்த ஊரின் பெயரையே இட்டுக் காரைக்கால் மகால் என்றார். பின்னாளில் அது விடுதியாக மாறிற்று. கடல் கடந்த தமிழர் என்றதும் தோட்டத் தொழிலாளியும் துறைமுகக் கூலியும் மட்டுமே நம் நினைவில் எழுகின்றனர். மாட்டின் தரமறிந்து விலை பேசி, கடற்கரையில் மாளிகை எழுப்பிய தமிழரும் அந்த வரலாற்றின் பகுதியே.

மாடு அன்று இறைச்சியும் பாலும் மட்டும் அன்று. அது எந்திரமும் ஆகும். எண்ணெய்ச் செக்கை இழுத்தது; கோதுமை அரைக்கும் கல்லைச் சுழற்றியது; சரக்கு வண்டியை இழுத்தது. சீனர் பகுதிக்குக் கிரேத்தா ஆயர், அதாவது தண்ணீர் வண்டி, என்னும் பெயர் வந்ததே மாட்டு வண்டிகள் அங்கு நீர் சுமந்து சென்றமையால்தான். சிராங்கூன் சாலையின் தொழுவங்கள் அந்நாளைய நகரத்தின் எரிசக்தி நிலையங்கள் என்றால் மிகையாகாது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வுலகம் குலைந்தது. சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டு வீடுகள் எழுந்தன. ஆற்று நீருக்குப் போட்டி மிகுந்தது. நகராட்சியின் சுகாதார விதிகள் தொழுவங்களை வெளியேற்றின. மோட்டார் வண்டி மாட்டு வண்டியின் இடத்தைப் பறித்தது. மாடு சென்றது, மக்கள் நின்றனர். தொழுவத்தின் பெயரால் தெருக்களும், வாணிகத்தின் வழியே வளர்ந்த தேக்கா சந்தையும், அதனைச் சூழ்ந்த தமிழ்க் கடைகளும் எஞ்சின.

2. துண்டின் கீழே நடந்த பேச்சு

தமிழகத்து மாட்டுச் சந்தையைக் கண்டவர்கள் ஒரு வழக்கத்தை மறந்திரார். கண்ணபுரத்திலும் அந்தியூரிலும் கூடும் சந்தைகளில் வாங்குவோரும் தரகரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு விரல்களைத் தொட்டு விலை பேசுவர். சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் விலை தெரியாது. ஆனால் விலைக்கு முன் நடக்கும் ஆய்வு அனைவர் கண்முன்னும் நிகழும். வாயைத் திறந்து பல் பார்ப்பர். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை முளைத்ததா என்று வயது கணிப்பர். திமிலை அழுத்துவர். விலாவில் கையை வைத்துத் தோலுக்கும் எலும்புக்கும் இடையே என்ன இருக்கிறது என்று உணர்வர். பின்னந்தொடையின் அகலத்தைப் பின்னின்று நோக்குவர். நடக்கவிட்டுக் குளம்பின் ஓசையைக் கேட்பர். பின்னர், 'இதன் தாய் எப்படி?' என்று கேட்பர்.

அக்கடைசிக் கேள்வியில்தான் மரபியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் உடல் ஒரு பாதிச் செய்தியே. அவ்வுடல் எவ்வழியில் வந்தது என்பது மறுபாதி. கொங்கு நாட்டில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் காங்கேயம் மாட்டைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததும் இவ்வறிவினால்தான். ஏரும் வண்டியும் ஏற்றக் கவலையும் இழுக்கவல்ல காளை வேண்டும். ஆகவே கால் உறுதியும் தோள் வலிமையும் உடைய காளையையே இனம் பெருக்க விட்டனர். அதன் விளைவாகக் கிடைத்தது கொழுப்புக் குறைந்த, இறுகிய தசையுள்ள உடல். இறைச்சியை எவரும் நினைக்கவில்லை. உழைப்புக்கெனத் தேர்ந்தது தசையின் இயல்பையும் தேர்ந்துவிட்டது.

ஐரோப்பாவில் அதே அறிவு வேறு நோக்கத்துக்குப் பயன்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டிஷ்லி என்னும் ஊரில் ராபர்ட் பேக்வெல் என்னும் பண்ணையாளர் ஆட்டையும் மாட்டையும் இறைச்சிக்கென்றே தேர்ந்து இனம் பெருக்கினார். ஆலைத் தொழிலாளர் பெருகிய நாட்டில் மெழுகுவர்த்திக்கும் சமையலுக்கும் கொழுப்பு வேண்டியிருந்தது. ஆதலால் கொழுத்த மாடே நல்ல மாடாக மதிக்கப்பட்டது. 1822இல் குறுங்கொம்பு மாடுகளுக்கு வம்சாவளிப் பதிவேடு அச்சிடப்பட்டது. கொங்கு நாட்டார் நினைவில் வைத்திருந்ததை ஆங்கிலேயர் ஏட்டில் எழுதினர். வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பின்வந்த வரலாற்றை அந்த ஏடே தீர்மானித்தது.

3. ஒங்கோலிலிருந்து கப்பலேறியது

அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், குண்டலகம்மா ஆற்றுப் பகுதியில், வெண்ணிற உடலும் பெருந்திமிலும் குறுங்கொம்பும் கொண்ட மாட்டினம் ஒன்று வாழ்ந்தது. ஊரின் பெயரால் அது ஒங்கோல் மாடு எனப்பட்டது. கரிசல் மண்ணை ஆழ உழும் வலிமை அதற்கு உண்டு. சாந்த குணமும் உண்டு. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் தோல் அதன் தனிச்சிறப்பு.

பிரேசில் நாட்டு வளர்ப்போர் தம் இன வரலாற்றை 1868ஆம் ஆண்டில் தொடங்குகின்றனர். இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பல் ஒன்று சல்வடோர் துறைமுகத்தில் நங்கூரமிட்டபோது அதிலிருந்த இரண்டு ஒங்கோல் மாடுகள் அங்கேயே விற்கப்பட்டன என்பர். 1878இல் லெம்குரூபர் என்னும் பண்ணையாளர் ஜெர்மனியின் ஹாம்புர்க் நகர விலங்குக் காட்சியகத்திலிருந்து ஓர் இணையை வாங்கிச் சென்றார். பின்னர் பிரேசிலியர் இந்தியாவுக்கே வந்து வாங்கத் தொடங்கினர். 1938இல் இனப் பதிவேடு திறக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் இறுதிப் பெருங்கொள்முதல் நிகழ்ந்தது. அதில் சென்ற காளைகளுள் ஒன்று, ஒங்கோலை அடுத்த கரவடி என்னும் சிற்றூரின் பெயரையே தாங்கியது. இன்றும் பிரேசில் மாட்டு வம்சாவளிகளில் அந்த ஊர்ப்பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. கரவடியில் வாழும் உழவர் எத்தனை பேர் இதனை அறிவர்?

நெல்லூர் என்னும் பெயர் அங்கு நெலோர் ஆயிற்று. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் இந்தியாவிலிருந்து பிரேசில் சென்ற திமில் மாடுகள் எல்லா இனங்களையும் சேர்த்து ஏறத்தாழ ஏழாயிரம் மட்டுமே. இன்று பிரேசிலில் 20 கோடிக்கும் மிகுதியான மாடுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பான்மையானவை நெலோர் இனமோ அதன் கலப்போ ஆகும். சில ஆயிரம் மாடுகளின் வழித்தோன்றல்கள் ஒரு கண்டத்தின் புல்வெளிகளை நிறைத்தன.

வேறு திசைகளிலும் அவ்வழி பரவியது. ஒங்கோல், குஜராத் பகுதியின் காங்ரேஜ், கிர் ஆகிய இந்திய இனங்களைக் கலந்து அமெரிக்கர் பிராமன் என்னும் இனத்தை உருவாக்கினர். அதற்கான சங்கம் 1924இல் அமைந்தது. 1933இல் அம்மாடுகள் குயின்ஸ்லாந்துக்குச் சென்றன. உண்ணியாலும் வெப்பத்தாலும் ஐரோப்பிய மாடுகள் நலிந்த வட ஆஸ்திரேலியாவில் மாட்டு வளர்ப்பு நிலைபெற இந்தியத் திமிலே உதவியது. டச்சு அரசு ஒங்கோல் மாடுகளை ஜாவாவுக்கும் சும்பா தீவுக்கும் கொண்டுசென்றது. ஜாவாவின் உள்ளூர்ப் பசுக்களோடு கலந்து பிறந்த இனம் பெரானாக்கான் ஒங்கோல் எனப்படுகிறது. பெரானாக்கான் என்னும் சொல்லை அடுப்படிக்கும் ஆடைக்கும் மட்டுமே பழகிய சிங்கப்பூரர்க்கு, மாட்டிலும் ஒரு பெரானாக்கான் உண்டு என்பது வியப்பளிக்கலாம்.

4. இறைச்சியின் கணக்கு

இனி அறிவியலுக்கு வருவோம். ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு காளையை எடுத்துக்கொள்வோம். தலை, தோல், குடல், கால் முதலியவற்றை நீக்கினால் எஞ்சும் உடற்கூடு ஏறத்தாழ 270 கிலோ இருக்கும். எலும்பையும் மிகைக் கொழுப்பையும் நீக்கினால் விற்பனைக்குரிய தசை இறைச்சி 180 கிலோ அளவில் நிற்கும். இக்கணக்கு மாட்டுக்கு மாடு மாறும். உடற்கூட்டு எடையில் தசையின் பங்கு எவ்வளவு என்பதே இறைச்சித் தொழிலின் மையக் கேள்வி. அதே புல்லைத் தின்று, அதே எடையை எட்டிய இரு காளைகளுள் ஒன்று பத்து கிலோ இறைச்சி கூடுதலாகத் தருமாயின், இலட்சக்கணக்கான மாடுகளை அறுக்கும் நாட்டில் அவ்வேறுபாடு மலையாகக் குவியும்.

இவ்வேறுபாட்டில் தீனியின் பங்கு எவ்வளவு, பிறப்பின் பங்கு எவ்வளவு? உறவு அறிந்த ஆயிரக்கணக்கான மாடுகளை ஒப்பிட்டு இதனைக் கணிக்கின்றனர். உடற்கூட்டின் எடை, முதுகுத் தசையின் பரப்பு, தோலடிக் கொழுப்பின் தடிமன் ஆகியவற்றில் காணும் வேறுபாட்டுள் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு மரபுவழி வருவது. கருத்தரிக்கும் திறன் போன்ற பண்புகளில் அது 10 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். ஆதலால் தசைக்கெனத் தேர்ந்தால் சில தலைமுறைகளிலேயே பலன் தெரியும். விலாவில் கைவைத்து உணர்ந்ததை இன்று ஒலியலைக் கருவி அளக்கிறது. பன்னிரண்டாம் விலா எலும்புக்கும் பதின்மூன்றாம் விலா எலும்புக்கும் இடையே தசையின் பரப்பையும் கொழுப்பின் தடிமனையும் உயிருள்ள மாட்டிலேயே திரையில் காட்டுகிறது. 'இதன் தாய் எப்படி?' என்னும் கேள்விக்கு விடையாக இனப்பெருக்க மதிப்பு என்னும் எண் வந்துள்ளது. 2009இல் மாட்டின் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டது; அதில் ஏறத்தாழ 22,000 மரபணுக்கள் உள்ளன. அதன்பின் கன்றின் காதிலிருந்தோ வால்மயிரிலிருந்தோ எடுத்த மாதிரியே அதன் எதிர்காலத் தசையைக் குறித்து ஓரளவு முன்னுரைக்கிறது.

பெரும்பாலும் தசையின் அளவை ஒரு மரபணு தனித்து ஆளுவதில்லை. நூற்றுக்கணக்கானவை சிறுசிறு பங்கு அளிக்கின்றன. ஆயினும் ஒரு விதிவிலக்கு உலகப் புகழ் பெற்றது. உடலில் மையோஸ்டாட்டின் என்னும் புரதம் உண்டு. தசை அளவுமீறி வளராதபடி தடுப்பது அதன் பணி. 1997ஆம் ஆண்டில் எலிகளில் இப்புரதம் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில், பெல்ஜியன் புளூ என்னும் மாட்டினத்தின் பருத்த தசைக்குக் காரணம் அம்மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டமையே என்பதும் தெரியவந்தது. தடுப்பான் பழுதானதால் தசை தடையின்றி வளர்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுதியான தசை, குறைந்த கொழுப்பு, மெல்லிய எலும்பு. இத்தாலியின் பியெத்மோந்தெசே இனத்தில் அதே மரபணுவின் வேறோரிடத்தில் நிகழ்ந்த மாற்றம் இதே விளைவைத் தந்தது.

ஆயின் அதற்கு விலையும் உண்டு. பெல்ஜியன் புளூ கன்று தாயின் வழியே இயல்பாகப் பிறக்க இயலாத அளவுக்குப் பருத்துவிடுகிறது. பெரும்பாலான கன்றுகள் அறுவை முறையிலேயே வெளிவருகின்றன. ஓர் இனம் தானே ஈனும் ஆற்றலை இழந்து மருத்துவரின் கத்தியைச் சார்ந்து வாழ்கிறது. ஒற்றைப் பண்பையே துரத்திச் சென்றால் உயிரின் பிற பண்புகள் எவ்வாறு பின்தங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

இந்தியத் திமில் மாட்டுக்கும் ஒரு குறை சொல்லப்படுகிறது. அதன் இறைச்சி கொழுப்புக் குறைந்தது. ஆனால் சற்றுக் கடினமானது. அறுத்தபின் தசை நார்களை மெல்லச் சிதைத்து மென்மையாக்கும் நொதிகள் உண்டு. அந்நொதிகளைத் தடுக்கும் கால்பாஸ்டாட்டின் என்னும் புரதம் திமில் மாடுகளில் மிகுதி. ஆதலால்தான் நெலோர் பசுவோடு ஐரோப்பிய ஆங்கஸ் காளையைச் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்குகின்றனர். மென்மை ஒரு பக்கத்திலிருந்தும் வெப்பம் தாங்கும் திறன் மறுபக்கத்திலிருந்தும் வருகின்றன. நெடுந்தொலைவு பிரிந்த இரு வழிகள் கூடும்போது கலப்பின வீரியம் என்னும் கூடுதல் வளர்ச்சியும் கிடைக்கிறது. இவ்விரு வகை மாடுகளையும் மனிதர் தனித்தனியாகப் பழக்கினர். ஐரோப்பிய வகையை மேற்காசியாவிலும், திமில் வகையைச் சிந்து வெளிப் பகுதியிலும். பல்லாயிரம் ஆண்டுப் பிரிவு ஒரு தலைமுறையில் கூடுவதன் பயன் அது.

திமிலைப் பற்றி ஒரு சொல். அது நம்மவர் பலர் எண்ணுவது போல வெறுங் கொழுப்பன்று. தோளை ஒட்டிய தசையும் அதனூடே கொழுப்பும் சேர்ந்தது. ஐரோப்பிய மாட்டுக்கு அது இல்லை. பிரேசிலியர் அதனைக் கூப்பிம் என்று தனிப் பெயரிட்டு, நெடுநேரம் நெருப்பில் வாட்டி விருந்தில் படைக்கின்றனர். நம் காளைக்கு அழகும் வலிமையும் எனப் போற்றப்பட்ட உறுப்பு அங்கு ஓர் உணவுத் துண்டின் பெயராயிற்று.

5. ஜூரோங்கின் கதவு

1961இல் ஜூரோங்கின் சதுப்பும் இறால் குளமும் தொழிற்பேட்டையாக மாறத் தொடங்கியபோது அது வீண்முயற்சி என்று நகைத்தோர் பலர். 1965இல் துறைமுகமும், 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகமும், 1969இல் மீன்பிடித் துறைமுகமும் வந்தன. சிராங்கூன் சாலையில் சதுப்பைத் தூர்த்தபோது மாடு வெளியேறியது. ஜூரோங்கில் சதுப்பைத் தூர்த்தபோது இறைச்சி உள்ளே வந்தது. கால்நடைகளை அறுக்கும் நிலையமும் குளிர்கிடங்குகளும் அங்கு எழுந்தன.

அதே காலத்தில் தீவின் பண்ணைகள் குறைந்தன. பன்றிப் பண்ணைகளைக் கைவிடும் முடிவு 1984இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பொங்கோலின் பண்ணைகள் ஏறக்குறைய மறைந்தன. நீரும் நிலமும் வேறு தேவைகளுக்கு ஒதுக்கப்பட்டன. அது அறிவார்ந்த முடிவாகவே இருக்கலாம். ஆனால் அதன் பொருள், நாம் உண்பது எவ்வழி வந்த விலங்கு என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் நம் கையை விட்டது என்பதாகும். 2023 ஏப்ரலில், இந்தோனேசியாவின் புலாவ் புலான் தீவிலிருந்து ஜூரோங் அறுப்பு நிலையத்துக்கு வந்த பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் காணப்பட்டு இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, தொலைவிலுள்ள ஒரு தொழுவம் நம் சந்தைக்கு எவ்வளவு அண்மையில் இருக்கிறது என்பதை உணர்ந்தோம்.

மாட்டிறைச்சியோ உயிரோடு வருவதில்லை. உறைந்த பெட்டியாகவும் குளிரூட்டிய பொட்டலமாகவும் வருகிறது. பிரேசிலும் ஆஸ்திரேலியாவும் நமக்கு முக்கியமான வழங்குநர்கள். பெட்டியின் மேல் நாட்டின் பெயர் இருக்கும், அறுத்த நிலையத்தின் எண் இருக்கும், நாள் இருக்கும். இனத்தின் பெயர் பெரும்பாலும் இராது. ஆனால் பிரேசிலிலிருந்து வந்த பெட்டியாயின் அதனுள் ஒங்கோலின் வழி இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. வங்காள விரிகுடாவின் கரையிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சென்ற மாடு, நூற்றைம்பது ஆண்டு கழித்து, தான் புறப்பட்ட கரைக்கு எதிர்க்கரையில் வந்து இறங்குகிறது. நேராக வந்திருந்தால் சில நாள் பயணம்.

6. யாருடைய மரபு?

2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர் திரண்டபோது நாட்டு மாடு என்னும் சொல் உலகத் தமிழர் நாவில் எல்லாம் ஒலித்தது. நம் மாட்டினங்களை அயலார் கவர்ந்து சென்றனர் என்னும் பேச்சும் அன்று பரவியது. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. ஒங்கோல் மாடுகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டது, வளர்த்தவரே விற்றனர், ஆவணங்களோடு கப்பலேறின. அது களவன்று.

எனினும் அது முழுமையான வாணிகமும் அன்று. சந்தையில் துண்டின் கீழ் பேசப்பட்டது ஒரு காளையின் விலை. அக்காளையினுள் இருந்த வழித்தோன்றல்களின் விலையை எவரும் பேசவில்லை. தலைமுறைதோறும் உழவர் தேர்ந்தெடுத்துச் சேர்த்த வெப்பந்தாங்கும் தோலும், உண்ணியை எதிர்க்கும் குருதியும், கொழுப்புக் குறைந்த தசையும் இலவசமாகவே சென்றன. உயிரினங்களின் மரபு வளத்துக்கு அது தோன்றிய நாட்டாருக்கும் பங்குண்டு என்னும் நெறியை உலகம் ஏற்கப் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று. இந்தியாவின் உயிரியல் பன்மைச் சட்டம் 2002இல் வந்தது, நகோயா உடன்படிக்கை 2010இல் வந்தது. முன்னமே கடல் கடந்த காளைக்கு அவை பொருந்தா.

இங்கு மற்றொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பிரேசிலியர் வாங்கியதோடு நிற்கவில்லை. பதிவேடு திறந்தனர், எடை நிறுத்தனர், ஊபெராபா நகரில் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தினர், இலட்சக்கணக்கான கன்றுகளின் தாய்தந்தையரைக் குறித்துவைத்தனர். 2012இல் திமில் மாட்டு வகையின் மரபணுத் தொகுதி வெளிவந்தபோது அதற்கு மாதிரியாக நின்றதும் ஒரு நெலோர் காளையே. தாய்மண்ணிலோ டிராக்டர் வந்ததும் உழவுக் காளைக்கு வேலை போயிற்று. வேலை போனதும் அதனை வளர்க்கும் காரணம் போயிற்று. குண்டூரை அடுத்த லாம் ஆராய்ச்சி நிலையம் போன்ற சில இடங்களும், பற்றுள்ள சில உழவர்களும் தூய வழியைக் காத்துவருகின்றனர். காங்கேயத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. போற்றுதல் வேறு, பேணுதல் வேறு. பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் தீட்டுவது போற்றுதல். பிறந்த கன்றின் தாய் எது, தந்தை எது என்று எழுதிவைப்பது பேணுதல்.

சிங்கப்பூர்த் தமிழருக்கு இதில் என்ன பங்கு என்று நீங்கள் வினவலாம். நமக்கு மேய்ச்சல் நிலம் இல்லை. ஆனால் நம் சமூகத்தின் முதல் தெருக்களுள் சில மாட்டின் காலடியில் பிறந்தவை. பல் பார்த்து வயது சொன்னவர்களும், கைவைத்துத் தசை அறிந்தவர்களும், கடல் கடந்து மாடு வரவழைத்தவர்களும் நம் முன்னோருள் இருந்தனர். அவர்களுடைய அறிவு எழுதப்படாமையால், அது அறிவு என்றே எண்ணப்படாமல் போயிற்று. மரபியல் பாடத்தில் இன்று நம் பிள்ளைகள் மெண்டலின் பட்டாணியைப் படிக்கின்றனர், படிக்கட்டும். அதனோடு, தங்கள் பாட்டனார் மேய்த்த காளையின் கதையும் அதே அறிவின் கதைதான் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்பாடத்தைத் தமிழில் சொல்லச் சொல் இல்லை என்பாரும் உளர். திமில், அலைதாடி, சுழி, கடைப்பல், ஈற்று, கிடாரி என்னும் சொற்களைப் படைத்த மொழிக்கு மரபணுவும் கலப்பினமும் அயலான சொற்கள் அல்ல.

வரும் தையில் கேம்பல் லேனில் மாட்டைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். தொட்டுப் பார்க்கட்டும். அப்போது அவர்களுக்குத் திமிலைக் காட்டி, இதன் வழியினர் உலகின் எப்பகுதியில் எல்லாம் இருக்கின்றனர் என்பதைச் சொல்லுங்கள். மேற்கே ஜூரோங்கில் இறங்கும் பெட்டியையும், தென்கிழக்கே சும்பாவின் புல்வெளியையும், வடமேற்கே கடலுக்கு அப்பால் கரவடி என்னும் சிற்றூரையும் அவர்கள் ஒரே கோட்டில் இணைத்துக் காண்பார்களாயின், அந்த மாடு வெறும் காட்சிப் பொருளாய் நின்றதாகாது. அவர்களுள் ஒருவரேனும் அதனை நிமிர்ந்து நோக்கி, 'இதன் தாய் எப்படி?' என்று கேட்டால் இவ்வுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.